ஓய்வில் அடங்கும், ஓட்டத்தில் எழும்: அறுவைச் சிகிச்சையில்லாமல் ஒரு முன்முட்டி வலி

இந்த நிகழ்வு ஆய்வில் வருபவர் ஒரே ஒருவர் அல்ல. ஓடி ஓடி முட்டியின் முன்பக்கம் வலி என்று பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் விஷயங்களை ஒருவர்மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றிய அளவுகளும் அப்படித்தான், நடைமுறையில் சாதாரணமாக வரக்கூடியவை. ஆய்வு என்று குறிப்பிட்டுச் சொல்பவை மட்டும் வெளியான ஆய்வுகளின் முடிவுகள்.

வந்தபோது

வயது 36, பெண். அலுவலக வேலை; நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நாற்காலி. இரண்டு வருடமாக ஓடுகிறார். வாரம் மூன்று நாள், எல்லாம் சேர்த்து 15 முதல் 18 கி.மீ. நான்கு மாதமாக வலது முட்டியின் முன்பக்கம் வலி. விழவில்லை, கால் பிசகவில்லை, முட்டிக்குள் ‘டக்’கென்று எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் ஓடும்போது மெல்ல எட்டிப்பார்த்த வலி, அப்புறம் முழுதாகப் போகவே இல்லை.

“ஓடறப்போ முதல்ல ஒண்ணும் தெரியாது, டாக்டர். மூணு கிலோமீட்டர் தாண்டினா ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறுறதைவிட இறங்குறதுதான் கஷ்டம். மீட்டிங் முடிஞ்சு எழுந்தா நாலு அடி நொண்டிட்டுதான் நடப்பேன்.”

பாதி நோயறிதல் இந்தப் பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. முட்டி மடங்கிய நிலையில் எடை தாங்கினால் வலி, படி இறங்கும்போது அதிகம், நெடுநேரம் மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பிடிப்பு. முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையில் உள்ள மூட்டு எரிச்சலடைந்திருப்பதன் வழக்கமான அடையாளங்கள் இவை. ஓட்டக்காரர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணும் கோளாறும் இதுதான். கனடாவில் ஒரு விளையாட்டு மருத்துவ மையத்துக்குக் காயத்தோடு வந்த ஓட்டக்காரர்கள் 2,002 பேரைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வில், காயங்களில் 42 சதவீதம் முட்டியில் இருந்தன. தனித்தனி நோயாகப் பிரித்தால் முதலிடம் சில்லு மூட்டு வலிக்குத்தான்.

வலி தொடங்குவதற்கு முன் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். “ஒண்ணும் மாத்தலையே” என்றார். இந்தப் பதிலை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. யாரும் பொய் சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வரும் மாற்றம், வாழ்பவருக்கு மாற்றமாகவே தெரியாது. கைக்கடிகாரத்தோடு இணைந்த ஆப்பைத் திறக்கச் சொன்னேன். அரை மாரத்தானுக்கு (21 கி.மீ.) பெயர் கொடுத்த வாரத்திலிருந்து வாரத் தூரம் 17, 21, 26, 29, 34 கி.மீ. என்று ஏறியிருந்தது. வாரக் கடைசி நீண்ட ஓட்டம் 7-இலிருந்து 10, 12, 14, 16. மூன்றாம் வாரத்தில் சமதள ஓட்டம் ஒன்றை ஏற்ற இறக்கமுள்ள பாதைக்கு மாற்றியிருந்தார். ஆறாம் வாரம், ஓர் இறக்கத்தில், வலி.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற விதி ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். அது அவ்வளவு உறுதியான விதி இல்லை. நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடந்து 2008-இல் வெளியான சோதனையில், அந்த விதிப்படி மெதுவாக ஏற்றியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் போனவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவுதான் வந்தது. இரு பக்கமும் 20 சதவீதத்தை ஒட்டி. 5,200 பேரின் ஓட்டப் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2025-இல் வெளியான ஆய்வு வேறோர் இடத்தில் விரல் வைக்கிறது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தை, ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டும்போது காயம் கூடுகிறது என்கிறது அது. இவர் 7-இலிருந்து 10-க்குப் போன ஒற்றைத் தாவலே 40 சதவீதத்துக்கு மேல். வார மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

வலி வந்ததும் மூன்று வாரம் ஓடவில்லை. வலி போயிற்று. நான்காம் வாரம் நேரே 8 கி.மீ. கிளம்பினார், மூன்றாவது கிலோமீட்டரில் வலி. மறுபடி ஓய்வு, மறுபடி 8 கி.மீ., மறுபடி வலி. மூன்று தடவை இதே சுற்று. இந்த நிகழ்வின் மையம் இந்தச் சுற்றுதான் என்பது என் எண்ணம். ஓய்வில் எரிச்சல் அடங்குகிறது, உண்மை. கூடவே தொடைத் தசையும் இடுப்புத் தசையும் தளர்கின்றன. முட்டியைச் சுற்றியுள்ள திசுக்கள் சுமைக்குப் பழகியிருந்ததும் விட்டுப்போகிறது. ஆக, ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் குறைந்த தாங்குதிறனோடு பழைய தூரத்துக்கே திரும்பியிருக்கிறார்.

இடைப்பட்ட நாட்களில் புது ஷூ, முட்டியில் மாட்டும் உறை, தடவும் ஜெல், ஓடுவதற்கு முன் ஒரு வலி மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் எம்.ஆர்.ஐ. சில்லின் பின்பக்கக் குருத்தெலும்பில் லேசான மாற்றம் என்று அறிக்கை. “தேய்மானம் ஆரம்பிச்சிருச்சு, ஓட்டத்தை விட்டுடுங்க” என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் துளை வழியாக உள்ளே போய்ச் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. என்னிடம் அவர் முதலில் கேட்டதே, ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா என்பதைத்தான்.

பரிசோதனை

வலியை விரலால் காட்டச் சொல்வேன். எந்தக் கருவியும் தராத தகவல் அதில் கிடைக்கும். இவர் விரலை நீட்டவில்லை. உள்ளங்கையைச் சில்லின்மேல் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டார். தொடையின் வெளிப்பக்கமாக இடுப்பிலிருந்து முட்டிவரை ஓடும் இலியோடிபியல் பட்டையில் கோளாறு உள்ளவர் முட்டியின் வெளிப்பக்கம், மூட்டு இடுக்குக்குச் சற்று மேலே உள்ள எலும்பு மேட்டில் ஒற்றை விரலை வைப்பார். சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் நொந்தவர் சில்லின் கீழ்முனையில் ஒரே புள்ளியை அழுத்திக் காட்டுவார். முட்டிக்குள் உள்ள ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்தவரின் விரல் பெரும்பாலும் மூட்டு இடுக்கையே தேடும். ‘சுற்றிலும், உள்ளே எங்கோ’ என்கிற உள்ளங்கை, சில்லு மூட்டைக் கைகாட்டுகிறது.

வீக்கம் இல்லை, நீர் கோக்கவில்லை. முட்டி முழுதாக நீண்டது, முழுதாக மடங்கியது. இணைப்பு நார்களில் தளர்ச்சி இல்லை. மூட்டு இடுக்கிலும், தசைநாணிலும், வெளிப்பக்க மேட்டிலும் அழுத்தினால் குறிப்பிடும்படி வலியில்லை. இடுப்பு மூட்டையும் சுழற்றிப் பார்த்தேன், தடையில்லை. முட்டி வலி என்று வரும் வளரிளம் பருவத்தினரிடம் இடுப்பு மூட்டுக் கோளாறு ஒளிந்திருப்பது உண்டு. அதற்காகப் பழகிய கை, பெரியவர்களிடமும் அதைத் தவிர்ப்பதில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, சும்மா இருக்கும்போதும் விடாத வலி, முட்டி பூட்டிக்கொள்வது, காலடியில் மடிந்துபோவது, சூடும் சிவப்பும், எலும்பில் ஒரே இடத்தில் கூர்மையான நோவு, கால் ஊன்ற முடியாமை — இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் இந்தக் கட்டுரை வேறு திசையில் போயிருக்கும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாரா என்றும் கேட்டேன். தூரத்தைக் கூட்டிக்கொண்டு உணவைக் குறைக்கும் பெண்களுக்கு எலும்பில் நுண்முறிவு வரக்கூடும். அதுவும் முட்டி வலி என்ற பெயரில்தான் வந்து நிற்கும். இவரிடம் அந்தச் சிக்கல் இல்லை.

20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும்வரை இறங்கி ஏறச் சொன்னேன். இடது கால் 22 தடவை. வலது காலில் ஒன்பதாவது தடவை வலி பத்துக்கு நான்கு என்று நிறுத்திவிட்டார். அந்த ஒன்பதையும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: ஐந்தாவதிலிருந்து இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது, தொடை உள்நோக்கித் திரும்புகிறது, முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போகிறது. கைக்கருவியில் அளந்தபோது காலை வெளிப்பக்கம் தூக்கும் வலது இடுப்புத் தசையின் வலு இடதைவிட 15 சதவீதம் குறைவு. ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது இடதில் 24, வலதில் 19.

டிரெட்மில்லில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 158 காலடி. பாதம் உடலுக்கு நன்றாக முன்னே போய் விழுந்தது, விழும்போது முட்டி கிட்டத்தட்ட நேராக இருந்தது. முன்முட்டி வலிக்கான குஜாலா அளவுகோலில் நூற்றுக்கு 68 (நூறு என்றால் தொந்தரவே இல்லை). ஆஸ்திரேலிய, டச்சு ஆய்வாளர்கள் இந்த வலியின் போக்கைப் பார்த்தபோது, வலி வந்து இரண்டு மாதத்தைத் தாண்டியதும், இந்த அளவுகோலில் 70-க்குக் கீழ் இருந்ததும் ஒரு வருடம் கழித்தும் குணமாகாமல் இருப்பதற்கான அடையாளங்களாகத் தெரிந்தன. இவரிடம் இரண்டும் இருந்தன. ‘சின்ன வலி, தானே சரியாகிவிடும்’ என்று நான் சொல்லாததற்கு அது காரணம்.

ஸ்கேன் சொன்னதும் சொல்லாததும்

அறிக்கையில் இருந்த ‘லேசான மாற்றம்’ என்ற வரி அவரை வலியைவிட அதிகமாகப் பாதித்திருந்தது. படி இறங்கும்போதெல்லாம் குருத்தெலும்பு தேய்ந்து உதிர்வதைக் கற்பனை செய்துகொண்டிருந்தார். அதனால் இதற்கு நேரம் ஒதுக்கினேன்.

குருத்தெலும்புக்கு வலி நரம்பு கிடையாது. இதை ஓர் எலும்பு மருத்துவர் தன் முட்டியிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்காட் டை, மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து போடாமல், முழு விழிப்போடு, தன் முட்டிகளுக்குள் கருவியை விட்டு ஒவ்வோர் இடமாகத் தட்டச் சொன்னார். 1998-இல் அது வெளியானது. சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டிலும் மூட்டின் உட்சவ்விலும் பட்டபோது தாங்க முடியாத வலி. சில்லின் குருத்தெலும்பில் பட்டபோது ஒன்றுமே தெரியவில்லை. இத்தனைக்கும் அவருடைய சில்லின் நடுமேட்டில் குருத்தெலும்பு ஏற்கெனவே கெட்டிருந்தது, அவருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாமலே. சரி, அப்படியானால் வலிப்பது எது? உட்சவ்வு, கொழுப்புத் திண்டு, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு. இவை சுமை தாங்காமல் எரிச்சலடைகின்றன. எரிச்சல் அடங்கக்கூடியது.

படத்தில் தெரிவது வலிக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு ஆதாரமும் சொன்னேன். அமெரிக்காவில் ஃபிரமிங்ஹாம் மக்களிடையே, 50 வயதைத் தாண்டிய, எக்ஸ்-ரேயில் மூட்டுத் தேய்மானம் இல்லாத 710 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 89 சதவீதம் பேரின் முட்டியில் ஏதாவது ஒரு ‘மாற்றம்’ இருந்தது. வலி இல்லாதவர்களிடமும் நிலைமை ஏறக்குறைய அதேதான்.

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இருந்தது. போட்டி ஓட்டக்காரர்களில் 13.3. கடைசி எண்ணையும் மறைக்காமல் சொன்னேன். அது அவருக்குப் பொருந்தாது என்பதையும்.

அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்டதற்கு, பின்லாந்தில் இதே வலியுள்ள 56 பேரிடம் நடந்த சோதனையைச் சொன்னேன். பாதிப் பேருக்குத் துளைவழி அறுவையும் எட்டு வார உடற்பயிற்சியும், மீதிப் பேருக்கு உடற்பயிற்சி மட்டும். ஒன்பது மாதம் கழித்து இரு தரப்பும் முன்னேறியிருந்தன, அறுவை கூடுதலாக ஒன்றும் தரவில்லை. ஐந்து வருடம் கழித்தும் அப்படியே. சில்லு அடிக்கடி விலகிப்போகிறவர்கள், மூட்டுக்குள் துண்டு உடைந்து மிதப்பவர்கள் கதை வேறு.

சிகிச்சை

நடக்கும்போது சில்லு மூட்டில் விழும் உச்ச விசை ஏறக்குறைய உடல் எடை அளவு. படிகளில் மூன்று மடங்கு. ஓடும்போது ஐந்து மடங்கு. முட்டி எவ்வளவு மடங்கியபடி எடை தாங்குகிறதோ அவ்வளவுக்கு விசை ஏறும். இந்தக் கணக்கு புரிந்தால் எதை நிறுத்த வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இறக்கத்தை நிறுத்தினேன், வேக ஓட்டத்தை நிறுத்தினேன், நீண்ட ஓட்டத்தை நிறுத்தினேன். நாட்களைக் கூட்டி, ஒவ்வொரு நாளின் தூரத்தைக் குறைத்தேன்.

தொடக்க அளவு ஊகத்தில் வரவில்லை. சமதளத்தில் மெதுவாக ஓடி, வலி பத்துக்கு இரண்டைத் தொடும் இடத்தில் நிற்கச் சொன்னேன். 2.6 கி.மீ. ஆகவே 2 கி.மீ.-இல் ஆரம்பம்: மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, வாரத்துக்கு நான்கு நாள். “இவ்வளவு கம்மியா? இதுக்கு ஓடாமலே இருக்கலாமே” என்றார் சற்றே கோபமாக. முன்பு 34 கி.மீ. ஓடியவருக்கு எட்டு கி.மீ. வாரம் என்பது அவமானமாகத்தான் இருக்கும்.

கடைப்பிடிக்க வேண்டிய விதி: ஓடும்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக்கூடாது, ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும், மறுநாள் காலை படி இறங்கும்போது முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக்கூடாது. முதல் இரண்டும் கனடாவின் கியூபெக்கில் நடந்த ஒரு சோதனையில் பயன்பட்ட வரம்புகள். மூன்றாவது நான் சேர்த்துக்கொள்வது. அந்தச் சோதனை என் வேலையையே கொஞ்சம் அடக்கத்தோடு பார்க்க வைக்கிறது. சில்லு மூட்டு வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுமையைக் கையாளும் அறிவுரை மட்டும். அடுத்ததற்கு அதோடு உடற்பயிற்சி. மூன்றாவதற்கு அதோடு ஓடும் முறையில் திருத்தம். எட்டு வாரத்தில் மூன்று குழுவும் ஒரே அளவுக்கு முன்னேறின. அதாவது, எந்தப் பயிற்சி என்பதைவிட எவ்வளவு சுமை, எப்போது என்பதுதான் பெரிய வேலையைச் செய்கிறது. அப்படியிருந்தும் இவருக்கு உடற்பயிற்சி கொடுத்தேன். ஒன்பதாவது இறக்கத்தில் நின்றுபோகும் கால் 21 கி.மீ. தாங்க வேண்டுமானால் வலு வேண்டும். 2018-இல் வெளியான சர்வதேச நிபுணர் அறிக்கையும், 2019-இல் அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் எலும்பியல் பிரிவு வெளியிட்ட வழிகாட்டியும் இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி என்பதையே முதன்மையாகச் சொல்கின்றன.

பயிற்சி வாரம் மூன்று நாள். முதல் இரண்டு வாரம் இடுப்புப் பயிற்சிக்கு முதலிடம், முட்டிப் பயிற்சி அதற்கு அடுத்து: பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு பக்கவாட்டில் அடி வைப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. முட்டிக்கு, சுவரில் சாய்ந்து வலி வராத கோணத்தில் 45 நொடி நிற்பது, ஐந்து தடவை. இங்கே கோணம் முக்கியம். கால் தரையில் ஊன்றியிருக்கும் ஸ்குவாட் போன்ற பயிற்சியில் 0 முதல் 45 பாகை வரை சில்லு மூட்டில் அழுத்தம் குறைவு. உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சியில் நேர்மாறு. 90-இலிருந்து 45 பாகை வரைதான் வசதியான பகுதி, கடைசியாக முழுதாக நீட்டும் இடத்தில்தான் அழுத்தம் ஏறும். உடற்பயிற்சிக் கூடத்தில் காலை நீட்டும் இயந்திரம் வலிக்கிறது என்று விட்டுவிட்டவர்கள் பலர், நீட்டும் அளவைக் குறைத்தாலே அதைச் செய்ய முடியும்.

மூன்றாம் வாரத்திலிருந்து எடை ஏறியது: லெக் பிரஸ் (இயந்திரத்தில் எடையைக் காலால் தள்ளுவது), ஒரு கால் முன்னால் வைத்த ஸ்குவாட், படியில் ஏறுவது, பிறகு படியில் இறங்குவது. 8 முதல் 12 தடவை, கடைசி இரண்டு தடவை முகம் சுளிக்கும் அளவுக்கு எடை. சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தும் பலன் இல்லை என்று வருபவர்கள் பலரும், சோர்வே தராத ரப்பர் பட்டையோடு மாதக்கணக்கில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். தொடையின் உள்பக்கத் தசையை மட்டும் தனியாக வலுவாக்கும் பயிற்சி என்று ஒன்று நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. அதைத் தனியாக இயக்கவே முடியாது. தொடையின் முன்தசை முழுவதுமாகத்தான் வேலை செய்யும். அதற்கு நேரம் செலவிடவில்லை.

ஓடும் முறையில் ஒரே ஒரு மாற்றம். நிமிடத்துக்கு 158 காலடியை 168 ஆக்கினோம், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பின் தாளத்துக்கு, முதலில் ஓட்டத்தின் நடுவே ஒரு நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி. வேகம் அதேதான், அடி குட்டையாகிறது, பாதம் உடலுக்கு அருகில் விழுகிறது. அடி எண்ணிக்கையை 10 சதவீதம் கூட்டினால் சில்லு மூட்டின் உச்ச விசை 14 சதவீதம் குறைவதாக 2014-இல் வெளியான கணக்கு உண்டு. எல்லோரும் நிமிடத்துக்கு 180 காலடி வைத்து ஓட வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் உலகின் முன்னணி ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணியதிலிருந்து புழக்கத்துக்கு வந்த எண் அது. அவர்கள் ஓடிய வேகம் வேறு. அடியைக் குட்டையாக்கினால் முட்டியிலிருந்து இறங்கும் வேலையில் ஒரு பங்கு கெண்டைக்காலுக்குப் போகும். இவருக்குக் கெண்டைக்காலும் வலு குறைவு என்பதால் குதிகால் தூக்கும் பயிற்சியையும் சேர்த்தேன். இல்லாவிட்டால் முட்டி வலியைத் தீர்த்துக் குதிகால் நாண் வலியை வாங்கிக் கொடுத்தது போலாகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சில்லை உள்பக்கம் இழுத்து ஒட்டும் டேப், 1986-இல் ஆஸ்திரேலியாவின் ஜென்னி மெக்கானல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, முதல் சில வாரம் வலியைக் குறைக்க உதவும். படிப் பயிற்சியின்போது மட்டும் ஒட்டினேன், நான்காம் வாரம் விட்டாயிற்று. ஷூவுக்குள் வைக்கும் தாங்கிகள் சிலருக்குக் குறுகிய காலம் உதவும், இவருக்கு வைக்கவில்லை. அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் போன்ற கருவிகளை மேலே சொன்ன அறிக்கையும் வழிகாட்டியும் பரிந்துரைப்பதில்லை, நானும் இல்லை. முட்டி உறை போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளட்டும். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை மட்டும் கூடவே கூடாது என்றேன். வலியை அளவாக வைத்து ஓட்டத்தை ஏற்றும்போது அந்த அளவுகோலையே மறைப்பதில் அர்த்தமில்லை. நீண்ட ஓட்டத்தில், உடலில் நீர் குறையும்போது, அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

நாற்காலிக்கும் ஒரு விதி: அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து முட்டியை நீட்டி மடக்க வேண்டும். முடியாத மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் காலை நீட்டி வைத்தால் போதும்.

ஆறாவது வாரம்

ஐந்தாம் வாரக் கடைசியில் இடைவிடாமல் 5 கி.மீ. ஓடினார். நீண்ட ஓட்டம் 6 கி.மீ., வார மொத்தம் 17. படி இறங்கினால் வலி ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. இந்த இடம்தான் ஆபத்தானது. வலி போய்விட்டதால் முட்டி தயாராகிவிட்டது என்று தோன்றும். வலு ஏற இன்னும் வாரங்கள் பாக்கி இருக்கும்.

சனிக்கிழமை மாலை லெக் பிரஸில் எடையைக் கூட்டினார். ஞாயிறு காலை, நண்பர்களோடு, 9 கி.மீ. பாதையில் ஏற்ற இறக்கம். மூன்றும் ஒரே பதினைந்து மணி நேரத்துக்குள். ஏழாவது கிலோமீட்டரில் வலி நான்குக்கு ஏறியது, கூட்டத்தோடு ஓடுவதால் நிற்கவில்லை. திங்கள் காலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். “எல்லாம் போச்சு டாக்டர், பழையபடி ஆயிடுச்சு” என்று செய்தி.

முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, மூட்டு முழுதாக நீண்டது. இது புதுக் காயம் இல்லை, எரிச்சல். முன்பு மூன்று தடவை செய்ததுபோல் முழு ஓய்வுக்குப் போயிருந்தால் மறுபடி அதே சுற்றுதான். இரண்டு நாள் நடை, சுவரில் சாய்ந்து நிற்கும் பயிற்சி நாளுக்கு இரு வேளை, படிப் பயிற்சி நிறுத்தம். மூன்றாம் நாள் 3 கி.மீ. ஓட்டமும் நடையும் கலந்து, சமதளத்தில். வலி இரண்டுக்குள் நின்றது. ஒரு வாரத்தில் 5 கி.மீ.-க்குத் திரும்பினார். பூஜ்யத்துக்குப் போகவில்லை, இரண்டு படி மட்டும் இறங்கி ஏறினோம்.

அதற்குப் பிறகு திட்டத்தில் ஒரு விதி கூடியது: தூரம், வேகம், பாதையின் சரிவு, பயிற்சி எடை, இந்த நான்கில் ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் தொடலாம். வலுப் பயிற்சி நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் கிடையாது. தூரத்தில் 10 கி.மீ. வசதியான பின்தான் ஏற்றம், எல்லாவற்றுக்கும் கடைசியாக இறக்கம். எனக்கு இந்த வாரம் ஒருவகையில் உதவியது. வலி வந்தால் எல்லாம் பாழ் என்ற பயம், வலி வந்தும் ஒரு வாரத்தில் மீண்டதைப் பார்த்த பின்தான் அவரிடம் குறைந்தது. அதற்கு முன் நான் எவ்வளவு விளக்கியும் குறையவில்லை.

பன்னிரண்டாம் வாரமும் அதற்குப் பிறகும்

பன்னிரண்டாம் வாரத்தில் வாரத் தூரம் 24 கி.மீ., நீண்ட ஓட்டம் 12. படியில் இறங்கி ஏறுவது வலதில் 21, இடதில் 23, இடுப்பு சரியவில்லை. இடுப்புத் தசை வலுவில் இரு பக்க வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள். குஜாலா 68-இலிருந்து 93. அடி எண்ணிக்கை மெட்ரோனோம் இல்லாமலே 166 அளவில் நின்றது. நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது இருந்த பிடிப்பு மட்டும் கடைசிவரை போகாமல் இருந்தது. பெரும்பாலும் அதுதான் கடைசியில் போகும் என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் அவர் பதறவில்லை.

பெயர் கொடுத்திருந்த அரை மாரத்தானை விட்டுவிட்டோம். சிகிச்சை தொடங்கிய ஏழாம் மாதத்தில் வேறொன்றில் ஓடினார். 17-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு வலி ஒன்று, மாலைக்குள் போய்விட்டது. மறுநாள் படிகளில் வலித்தது முட்டி இல்லை, தொடைத் தசை.

இதைக் குணமாகிவிட்டது என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. இந்த வலி வந்தவர்களை ஐந்து முதல் எட்டு வருடம் கழித்துத் தேடிப்பார்த்த ஆய்வில் 57 சதவீதம் பேருக்கு முழுத் திருப்தியான மீட்சி கிடைத்திருக்கவில்லை. அதனால் வலுப் பயிற்சியை வாரம் இரண்டு நாள் நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். காய்ச்சலோ வேலையோ காரணமாக இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாமல் விட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதித் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். மூன்று தடவை நடந்த அந்தச் சுற்று நான்காவது தடவை ஆரம்பிப்பதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

பன்னிரண்டு வாரத்தில் முன்னேற்றமே இல்லாமல் போயிருந்தால் பயிற்சியை இன்னும் கூட்டியிருக்க மாட்டேன். முதலில் ஓட்டப் பதிவைத் திறந்து, சொன்ன அளவும் ஓடிய அளவும் ஒன்றுதானா என்று பார்த்திருப்பேன். ஒன்றாகவே இருந்தால் நோயறிதலையே மறுபடி சந்தேகித்து, விளையாட்டு மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்: குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு வீங்கியிருக்கிறதா, உட்சவ்வு மடிப்பு ஏதாவது உரசுகிறதா, வலி இடுப்பிலிருந்து வருகிறதா என்று. இவருக்கு அது தேவைப்படவில்லை. வீக்கம், இரவு வலி, முட்டி பூட்டிக்கொள்வது இவற்றில் ஏதாவது வந்தால் உடனே வரச் சொல்லி, அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்காமல் அனுப்பினேன்.